ஒன்பதாவது ரீல்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டர். அப்போது ஓர் ஆங்கிலச் சண்டைப் படம் வந்தது. போஸ்டரில் டாங்கியும் தீயும். பனியன் கம்பெனி ஆட்கள் திரண்டு வந்தார்கள். கதையோ வேறு. வயதான சிப்பாய்கள் நான்கு பேர், முன்பு சண்டையிட்ட ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போகிறார்கள். ஒன்பதாவது ரீல் முழுக்கப் புல்லுக்குள் எதையோ தேடி நடப்பார்கள். வசனமே கிடையாது. முதல் நாளே விசில், கூச்சல். ஒருவன் திரையில் செருப்பை வீசினான்.

மேனேஜர், நான் படம் ஓட்டும் கேபினுக்கு ஏறி வந்தார். “கெழவனுங்க நடக்கறத எவன் பாப்பான்? நாளையிலிருந்து அந்த ரீலத் தூக்கீரு.”

தூக்கினேன். எட்டு முடிந்ததும் பத்தை ஓட்டினேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மேட்னி இடைவேளையில் ரங்கசாமி கேபினுக்கு ஏறி வந்தார். காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரியும்.

“ஏனுங்க தம்பி, அந்த ஆத்தங்கரை இனித்தானுங்களே வரும்?”

“அத எடுத்துட்டமுங்க.”

அவர் கீழே ஹாலைக் காட்டினார்.

“உடுமலையிலிருந்து மாரப்பனக் கூட்டியாந்திருக்கறனுங்க. நாங்க ரெண்டு பேரும் பர்மாவுல ஒண்ணா இருந்தவிங்க. கூட்டாளி ஒருத்தன ஆத்தோரம் போட்டுட்டு ஓடியாந்துட்டமுங்க. மண்ணுகூடத் தள்ளல. இத்தன வருசத்துல அந்தப் பேச்ச ரெண்டு பேரும் எடுத்ததில்லீங்க. மொத நாள் படத்தப் பாத்தனுங்க. அவனும் பாத்தான்னா வாயத் தொறப்பான்னு நெனச்சேன்.”

அவர் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பெட்டியிலிருந்து ஒன்பதாவது ரீலை எடுத்து மெஷினில் மாட்டினேன். கேபின் கதவைத் தாழிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது.

கிழவர்கள் நடக்கத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. மேனேஜர் கதவை இடித்தார். நான் சின்ன ஜன்னல் வழியாகப் பெஞ்சு வரிசையைப் பார்த்தேன். மாரப்பன் ரங்கசாமியின் காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தார். பத்தாவது ரீலில் டாங்கிகள் வெடித்தன. இருவரும் திரையைப் பார்க்கவே இல்லை. பேச்சும் நிற்கவில்லை.

படம் விட்டதும் மேனேஜர் என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். கேட் அருகே மாரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

“அவன் பேரு சின்னானுங்க,” என்றார். “இன்னைக்குத்தான் என்ற வாயில வந்துச்சு.”

அதற்குப் பிறகும் ரீலைத் தூக்கச் சொன்ன மேனேஜர்கள் உண்டு. நான் முதலில் மெஷினை அசிஸ்டென்ட்டிடம் விட்டுக் கீழே இறங்கி, ஹாலில் ஒரு ஷோ உட்கார்ந்து பார்ப்பேன். கேபினுக்குக் கேட்பது கத்துகிறவர்களின் சத்தம் மட்டும்தான். கத்தாமல் பார்ப்பவர்கள் யார் யார் என்று மேலே இருந்தால் தெரியாது.