அப்பாவின் குரலில் ஒரு வரி

என் மாமாவும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் பாளையங்கோட்டையில் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊரில் அப்படி ஒன்று இருந்தது என்று இப்போது சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. அப்போதும் குறைவுதான். கல்லூரி விழாக்களில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார்கள். ஜனங்கள் கைதட்டியது பாட்டுக்கா, பாட்டு முடிந்ததற்கா என்று மாமாவுக்கே சந்தேகம் இருந்தது. அதனால் சொந்தமாகத் தமிழில் ஒரு பாட்டு எழுதிக் கேசட் போடுவது என்று முடிவுசெய்தார்கள். பாட்டின் பொருள் குடி.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு இருந்த ஜங்ஷனிலிருந்து பஸ் ஏறி, அம்மா பிறந்த வீட்டுக்குப் போவோம். அம்மா சமையலறைக்குப் போய்விடுவாள். நான் ஒத்திகை நடக்கும் மாடியறைக்கு ஏறிவிடுவேன். எனக்கென்று ஒரு திறமை இருந்தது. யார் பேசினாலும் அதே குரலில் பேசிக்காட்டுவேன். பஸ் கண்டக்டர், தலைமையாசிரியை, பால்காரர் எல்லோரும் என் கைவசம். ஒத்திகைக்கு நடுவே மாமாவின் நண்பர்கள் என்னைச் செய்யச்சொல்லிச் சிரிப்பார்கள்.

பாட்டு எழுதும் பொறுப்பு, தமிழ் இலக்கியம் படித்திருந்த பேஸ் கிடார்க்காரருக்கு. அவர் மூன்று சனிக்கிழமை உழைத்து, மதுவை நாகம் என்றும் நஞ்சு என்றும் நரகத்தின் வாசல் என்றும் எழுதிக்கொண்டுவந்தார். மாமா அதை மெட்டில் வைத்துப் பாடினார். கடலோர ஊரான உவரியிலிருந்து வந்து டிரம்ஸ் வாசிக்கிறவர் இரண்டு வரி வாசித்துவிட்டுக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல குடிக்கவன் எவனும் நாகத்தப் பாத்தது இல்லலே. குடிக்கவன் வீட்டுக்கு வந்து என்ன பேசுதான்? அத எழுது."

மாமா சுருதி சேர்க்கிறவர்போலக் கிடார் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். பதில் எனக்குத் தெரிந்திருந்ததால் நான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பா பேசுவாங்களே. நான் செஞ்சு காட்டட்டா?"

அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. குடித்துவிட்டு வந்தால் சத்தம் போடுகிறவர் அல்ல. வாசலில் உட்கார்ந்து செருப்பை மெதுவாகக் கழற்றுவார். ஒரு செருப்புக்கும் அடுத்த செருப்புக்கும் நடுவில் வெகுநேரம் ஆகும். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொல்வார். நான் தரையில் உட்கார்ந்து, இல்லாத செருப்பைக் கழற்றி, அப்பாவின் குரலில் சொன்னேன்.

"இன்னைக்கு ஒருநாள்தான் ஏட்டி. நாளைக்குத் தொடமாட்டேன்."

முதல்முறையாக அந்த அறையில் என் நடிப்புக்கு யாரும் சிரிக்கவில்லை. சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை செய்தேன். உவரிக்காரர் மாமாவைப் பார்த்தார். "இதுதாம்லே பாட்டு" என்றார்.

"வேண்டாம். அத்தான் கேட்டா என்ன ஆகும்?" என்றார் மாமா.

ஆனாலும் அவர் கீழே இறங்கிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கையிலிருந்த காய் முடியும்வரை அம்மா நிமிரவில்லை.

"எழுது. ஆனா அந்த வரிய நீ பாடாத. அவ பாடட்டும்."

அம்மாவுக்கு என் குரல் பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப்பின் பாட்டு இரண்டே வாரத்தில் முடிந்தது. நாகமும் நஞ்சும் போயின. வாசல், செருப்பு, மூடிவைத்த சோறு என்று வீட்டுச் சாமான்களாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிட வேண்டும். நான் மட்டும் அந்த வரியைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த கணம் டிரம்ஸ் விழ வேண்டும்.

ஒலிப்பதிவு ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் நடந்தது. சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும் அடித்த சின்ன அறை. வழக்கமாகச் சாமி பாட்டுகள் பதிவாகும் இடம். அம்மா எனக்குத் தலைபின்னி டிசம்பர் பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டி அனுப்பியிருந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திய அண்ணாச்சி என்னையும் கிடார்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பக்தியா, சினிமாவா வே?"

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. ராக்."

"சரி, அதையும் பாத்திருவோம்" என்று மின்விசிறியை நிறுத்தினார். விசிறிச் சத்தம் டேப்பில் விழுமாம். டிரம்ஸ் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியதால் அதை வெளியே நடைக்குத் தூக்கிப்போய்ப் போர்வை போர்த்தினார்கள். கதவைப் பாதி திறந்துவைத்து, உவரிக்காரர் அங்கிருந்து மாமாவின் தலையசைப்பைப் பார்த்து வாசித்தார். ஒரு தடவை கீழே பஸ் ஹாரன் அடித்துக் கெடுத்தது. ஒரு தடவை என் பட்டுப்பாவாடை சரசரத்தது. "பாப்பா, மூச்சு மட்டும் விடு, அசையாத" என்றார் அண்ணாச்சி. இரண்டு தடவை நானே கெடுத்தேன். ஒலிவாங்கியைப் பார்த்ததும் பள்ளிப் பிரார்த்தனைபோல இழுத்துப் பாடிவிட்டேன். மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேர்வை அவர் மூக்குநுனியில் நின்றது.

"பாடாதட்டி. நம்ம வீட்டு மாடியில அன்னைக்குச் சொன்னியே, அப்படிச் சொல்லு."

ஏழாவது தடவை சரியாக வந்தது. பதிவைப் போட்டுக் கேட்டபோது மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கேசட் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டு வாசல்வரை வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே வராமலே போய்விட்டார். மதியம் சாப்பிட்டு முடித்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அதை டேப்ரெக்கார்டரில் போட்டாள். டிரம்ஸுக்கு அப்பாவின் கால் தாளம் போட்டது. என் குரல் வந்ததும் கால் நின்றது. பாட்டு முடியும்வரை அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பவில்லை.

"யாரு எழுதினது?"

"உங்க மக" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அதன்பிறகு மாமா மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கேசட் போட்டதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டைக் கேட்டு அப்பா திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான்கு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் வரவில்லை. குடியை அவர் விட்டது பல வருடம் கழித்து, ஒரு டாக்டர் ஈரலைப் பற்றிச் சொல்லி மிரட்டிய பிறகு. குழுவும் கலைந்தது. உவரிக்காரர் துபாய் போனார். மாமா இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் ஒன்று நடந்தது. அதுவரை ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்கு வராத அப்பா, சாயங்காலம் ஸ்கூட்டரோடு வாசலில் நின்றிருந்தார். ஆற்றுப்பாலத்தின் நடுவில் வண்டியை ஓரம் கட்டினார். கீழே தாமிரபரணியில் நல்ல தண்ணீர். அந்தப் பாட்டைப் பாடு என்றார். முழுதாகப் பாடினேன்.

"அந்த வரி... நான் அப்படியா சொல்லுதேன்?"

அப்பா என்னிடம் அபிப்பிராயம் கேட்பது அதுதான் முதல் தடவை. அதனால் நன்றாக யோசித்துச் சொன்னேன்.

"இல்லப்பா. சொல்லும்போது நீங்க லேசாச் சிரிப்பீங்க. ரெக்கார்டிங்ல அந்தச் சிரிப்பு எனக்கு வரல."

பிறகு சிரிப்போடு செய்துகாட்டினேன். பஸ் ஒன்று பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, இன்னொரு தடவையும் செய்தேன். அப்பா கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்காப்பா?"

"சரியா இருக்கும்மா."

எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். எந்தக் குரலைச் செய்கிறோமோ அந்த ஆளே சரி என்று சொல்லிவிட்டார். மாமாவிடம் பேசி அந்த வரியை மட்டும் மறுபடி பதிவுசெய்ய வேண்டும் என்று ஸ்கூட்டரில் அப்பாவின் முதுகில் சாய்ந்து திட்டம் போட்டுக்கொண்டே வீடு வந்துசேர்ந்தேன்.