பேகம்பூர் மெக்கானிக்

திண்டுக்கல் பேகம்பூரில் அந்த நாளில் பழைய இத்தாலி லாம்பிரட்டா ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் யாரென்று கேட்டால், தெருவே தோல் வியாபாரி மைதீன் பிச்சை ராவுத்தரைக் கை காட்டும். அந்த மனுஷருக்குப் பெட்ரோல் மூடியைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். மற்ற வேலை எல்லாம் அவர் மனைவி ஜெய்தூன் பீவியுடையது.

ஊரை ஏமாற்ற யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. 1958-ல் கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் ராவுத்தர் வாங்கி வந்த பழைய ஸ்கூட்டர், மூன்றாம் மாதமே முற்றத்தில் படுத்துக்கொண்டது. மெக்கானிக் வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். ஜெய்தூனுக்கோ சும்மா கிடக்கிற எதைப் பார்த்தாலும் கை துறுதுறுவென்று வரும். ராவுத்தர் சந்தைக்குப் போன ஒரு பகலில் ஸ்பேனரைத் தூக்கிவிட்டாள். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே, விருந்துக்குச் சோறு வைக்கும் பெரிய சகன் தட்டில் சுற்றிலும் அடுக்கினாள். பிறகு கடைசியாக வைத்ததை முதலில் எடுத்து மாட்டினாள். சகன் காலியானபோது வண்டி உறுமியது. மறுநாள் ராவுத்தர் அதில் போவதைப் பார்த்த தெரு அவரைத்தான் மெச்சியது. அவரும் வாய் திறக்காமல் தாடியைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் அடுத்தவர் வண்டிகளும் வரத் தொடங்கின. வந்தவர் முன்கட்டில் டீ குடிப்பார். வண்டியைத் தள்ளிக்கொண்டு ராவுத்தர் கொல்லை வழியாக உள்ளே போவார். நடுவில் திரை தொங்கும். அந்நிய ஆண்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். வேலை முடிந்ததும் ஜெய்தூன் புருஷனின் இரண்டு கையிலும் கிரீஸைப் பூசி வெளியே அனுப்புவாள். முதலில் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. நாலு வருஷத்தில் அது போய்விட்டது. "ராவுத்தரே, உங்க கைராசியே தனி" என்று யாராவது சொல்வது காதில் விழுந்தால் அவளுக்கு நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அடுப்பில் வெஞ்சனம் தீயும்.

அப்படியிருக்க, வத்தலக்குண்டு டாக்டர் நல்லுசாமியின் லாம்பிரட்டா அங்கேயே நின்றுவிட்டது. ராவுத்தரைக் கையோடு கூட்டி வரச் சொல்லி ஆள் வந்தது.

"என்ன மச்சான் பண்ணப் போறீக?"

"செத்த நேரம் பாக்குற மாதிரி பாத்துட்டு வாரேன்."

அன்று பகல் முழுக்க ஜெய்தூன் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். நாம் போயிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்ற நினைப்பு அவளைப் போட்டுப் படுத்தியது. பொழுது சாய பஸ்ஸில் வந்து இறங்கிய ராவுத்தர், பாரம் இறக்கியவர் போல இருந்தார்.

"தப்பிச்சேன் புள்ள. இன்ஜின் செத்துப்போச்சு, இனிமே ஆகாதுன்னுட்டேன்."

"எதப் பாத்துச் சொன்னீக?"

"மேடேறும்போது மூச்சு வாங்கி நின்னுச்சாம். வண்டிக்குத் தெம்பா இருக்கட்டும்னு அவரு கம்பவுண்டரு பெட்ரோல்ல ஆயில ரெண்டு மடங்கு ஊத்துவானாம்."

"அது செத்த வண்டியா? ஆயில் கூடிப்போயி சைலன்சர்ல கரி அடைச்ச வண்டி! உசுரோட புதைக்கப் பாத்தீகளே!"

"கத்தாத. உதிரிக்கு ஆகும்னு நமக்கே குடுத்துட்டாரு. நாளைக்கு மாட்டு வண்டியில வருது. டாக்டரும் இந்தப் பக்கம் வாராரு, டீ குடிக்க வருவாரு. நீ பிரி, மாட்டு, என்னமும் பண்ணு. அவரு இருக்கைல ஸ்டார்ட் மட்டும் பண்ணிராத. என் மானம் போயிரும்."

காலையில் வண்டி வந்தது. ஜெய்தூன் சைலன்சரைக் கழற்றி விறகு அடுப்பில் செருகிக் கரியைச் சுட்டு இளக்கினாள். தட்டத் தட்ட அது கட்டி கட்டியாகக் கொட்டியது. இன்ஜினில் புகை வெளியேறும் துளையில் படிந்த கரியை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்தாள். இரும்பு பட்டால் கீறிவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டி, புதிதாக அளந்து கலந்த பெட்ரோலை ஊற்றினாள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது.

"எட்டு வருஷம் எத்தனை பிரசவத்துக்கு ஓடுன வண்டி! மனசே கேக்கலை. ஆனா, செத்ததைச் செத்ததுன்னு சொல்ல உங்களை மாதிரி கை தேர்ந்தவர் வேணும் ராவுத்தரே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் மைதீன் பிச்சை.

ஜெய்தூனின் கால் கிக்கர் மேல் இருந்தது. உதைத்தால் புருஷனின் பொய் சந்தி சிரிக்கும். உதைக்காவிட்டால் ஓடக்கூடிய வண்டி பிணமாகக் கிடக்கும், தானும் அதோடு சேர்ந்து கிடக்க வேண்டியதுதான். அவர்மேல் அவளுக்குப் பாசம் இல்லாமலில்லை. ஆனாலும் உதைத்தாள். முதல் உதைக்கு ஒரு செருமல். இரண்டாம் உதைக்கு வண்டி வீடே அதிரக் கிளம்பியது.

ஜெய்தூன் சத்தத்தைக் குறைத்துக் காது கொடுத்தாள். மச்சினன் வந்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார்.

"ராவுத்தரே, அது என் வண்டிச் சத்தமாச்சே! நீங்க இங்கதான இருக்கீங்க? உள்ள யாரு?"

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரிங்க" என்றார் மைதீன் பிச்சை. "இம்புட்டு வருசமும் அவதாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஜெய்தூன் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டாள். வண்டி அணைந்தது. அவள் மறுபடி உதைக்கவில்லை. வண்டியின் மேலேயே சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.