எதிர் நாற்காலி

ஜப்பானியப் பூ அலங்காரத்தை மேடையில் செய்து காட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஜாடிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் செய்யவேண்டும். முன்பக்கம் சபைக்கு, செய்கிறவளுக்கு முதுகுப் பக்கம். கண்ணில் படாத பக்கத்தை அழகாக்குவது லேசுப்பட்ட காரியமா? ஸ்ரீலக்ஷ்மி பதினோரு வருஷம் க்ளாஸுக்குப் போய் அதோடு மல்லுக்கட்டினாள்.

வீட்டில் அவளுக்கு முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறவர் புருஷன் ஸ்ரீரங்கன். ராஜா அண்ணாமலைபுரத்து ஃபிளாட்டில் தினமும் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவார். அச்சகத்தில் பிழை திருத்தியே ரிடையரான மனுஷர், சும்மா விடுவாரா? "கொம்பு படுத்துண்டுடுத்து பாரு." "பூ எங்க? இலைதான் தெரியறது." அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகுவாள்.

போன ஆடியிலிருந்து அவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். "பேஷா இருக்கு." தினமும் அதேதான். அப்பாடா, ஒருவழியாகக் கை வந்துவிட்டது என்று அவள் பூரித்துப்போனாள். அந்தத் தைரியத்தில்தான், அதுவரை ஒதுங்கியே இருந்தவள், டீச்சர் பட்டத்துக்கான மேடைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். அறுபத்துமூன்று வயது. இதை விட்டால் இன்னொரு தடவை மேடை ஏறத் தெம்பிருக்காது என்று அவளுக்கே தெரியும்.

அடையாறு ஹாலில் அவருக்கு முதல் வரிசை. "தப்பா இருந்தா கண்ணாடியைக் கழட்டுங்கோ, போறும்" என்று சொல்லி வைத்திருந்தாள். கொய்யாக் கிளையை, ஜாடிக்குள் காம்புகளைக் குத்தி நிறுத்தும் ஊசித்தட்டில் சாய்த்துக் குத்தினாள். அதன் அடியில் ஒரே ஒரு மஞ்சள் செம்பருத்தி. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்து நின்றாள்.

ஹால் கப்சிப். ஸ்ரீரங்கன் ஒருவர் மட்டும் கை தட்டினார். தேர்வு நடத்திய காமாக்ஷி டீச்சர் ஜாடியைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் முழுக்க இலை. பூ இருந்த சுவடே இல்லை.

பட்டம் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. கீழே இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன கலர் பூ வெச்சேன், சொல்லுங்கோ."

"செவப்பு..." என்று இழுத்தார்.

அவரே சொன்னார்: "ஆடிலேர்ந்து நேரா பார்த்தா எல்லாம் மறைக்கறது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியறது. பார்வை இனிமே திரும்பாதுன்னுட்டார் டாக்டர். சொன்னா நீ க்ளாஸை விட்டுடுவியேன்னுதான்..."

கோபம் கோபமாக வந்து, அழுகையில் போய் முடிந்தது. எட்டு மாதத்துப் பேஷில் ஒன்றுகூட நிஜமில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் வழக்கம்போல் வந்து, கையால் தடவி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஜாடிக்குப் பின்னால் சும்மா நின்றிருந்தாள்.

"இன்னிக்கு எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார்.

ஜாடியில் அவள் தண்ணீர்கூட விட்டிருக்கவில்லை.

"பேஷா வந்திருக்கு" என்றாள்.