சிலைக்குச் சிலை நடந்தோம்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். வேலை இடத்திலும் அது தெரியும், வீட்டிலும் தெரியும். அந்தப் பெப்ரவரி முழுக்க நான் கண்டதற்கெல்லாம் கோபப்பட்டேன். லிஃப்ட் மெதுவாக வருகிறது என்று கோபம். மேல்வீட்டுக்காரர் கதிரையை இழுத்தால் கோபம். மனைவி சோற்றுப் பானையைத் தூக்கினால் அதற்கும் கோபம். அவளுக்கு மாதம் நிறைந்து, குறித்துக் கொடுத்த நாளும் கடந்து போயிருந்தது. பிள்ளை வருகிற மாதிரித் தெரியவில்லை.

இதற்கு முதல் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. இருந்தது என்று சொல்லலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அதன் அசைவு நின்றுவிட்டது. அப்போது தொட்டில், தள்ளுவண்டி, விரலளவு காலுறைகள் எல்லாம் வீட்டில் தயாராக இருந்தன. பிறக்க முதல் எதுவும் வாங்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். நோர்வேயில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினோம். இந்த முறை ஒரு துண்டுத் துணிகூட வாங்கவில்லை. சுகாதார நிலையத்து மருத்துவச்சி ஒவ்வொரு முறையும் தள்ளுவண்டி வாங்கியாயிற்றா என்று கேட்பார். வாங்கிவிட்டோம் என்று தலையாட்டிவிட்டு வருவோம்.

வாங்காதது மாதிரியே கதைக்காததும் ஒன்று இருந்தது. இந்த முறையும் அப்படி ஆகிவிட்டால் என்ற ஒரு வசனத்தை நாங்கள் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் பலித்துவிடும் என்று பயம். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, அவள் தூங்குவதாக நானும் நான் தூங்குவதாக அவளும் நம்புகிற மாதிரி நடித்தோம்.

மருத்துவச்சி நடக்கச் சொன்னார். நன்றாக நடந்தால் வலி தானாக வரும் என்றார். அவர் வாயில் அது சுலபமாக வந்தது. நான் பஸ் ஓட்டுகிறவன். பெப்ரவரியில் பஸ் ஓட்டுகிறவன் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பான். பகலில் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்த தரையில், தரிப்பிடத்துக்கு ஓடி வருகிறவர்கள் எப்படி விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் கை காற்றில் போகும், பிறகு ஆளைக் காணோம். அப்படி விழுந்தவர்களை எல்லாம் அந்த மாதம் நான் கனவில் கண்டேன். எல்லாருக்கும் அவளுடைய முகம் இருந்தது.

அன்று காலை அவளாகவே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு சென்ட்ரும் போய் நடப்பமே?"

"ஏன், எங்கடை புருசெத்திலை தெரு இல்லையோ?"

"இஞ்சை நடக்க ஏலாது. படியிலை ஒருத்தி, கடையிலை ஒருத்தி, இன்னும் பிறக்கேல்லையோ எண்டு கேட்டுக் கேட்டு ஆளைச் சாக்கொல்லுறாளவை. அங்கை ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது."

அதில் நியாயம் இருந்தது. சென்ட்ரும் என்கிற நகரத்தின் நடுவில் கார்கள் வராத தெருக்கள் இருக்கின்றன. சில நடைபாதைகளுக்கு அடியில் சூட்டுக் குழாய் ஓடுகிறது. அங்கே பனி தங்காது. அவளுடைய சப்பாத்துகளின் அடியில் இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டியை நானே குனிந்து மாட்டிவிட்டேன். ஒரு பக்கம் சரியாக இறுகவில்லை. கழற்றி மறுபடி மாட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலக்கீழ் ரயிலில் போய் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே வெண்கலப் புலி ஒன்று நிற்கிறது. எங்கள் ஆட்களில் அதனோடு நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. அவள் அதன் காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். மற்றக் கை கோட்டுக்குள் இருந்தது. கண்ணை மூடியிருந்தாள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

"களைச்சுப் போனீரோ? திரும்பிப் போவமே?"

"இல்லை, இல்லை. அடுத்ததுக்குப் போவம்."

அடுத்தது என்று அவள் சொன்னது சிலையை. அந்த நகரத்தின் ஊடாக எத்தனையோ வருடம் பஸ்ஸை ஓட்டியிருக்கிறேன். ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. எனக்கு அது தரிப்பிடங்களும் சிக்னல்களும்தான். காலால் நடக்கும்போதுதான் பத்தடிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கல்லில் ஒருவர், வெண்கலத்தில் ஒருவர், சுவரில் செதுக்கிய கூட்டம். பாதிப் பேருக்கு உடுப்பில்லை. மனிதர் மூன்று காற்சட்டை மாட்டிக்கொண்டு நடுங்குகிற குளிரில் இதுகள் வெறும் மேலோடு நிற்கின்றனவே என்று சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரித்தாள். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு சிலையிலும் நின்றாள். பாராளுமன்றத்துக்கு முன்னால் இரண்டு கல் சிங்கங்கள் இருக்கின்றன. முதல் சிங்கத்தடியில் நின்றாள், அங்கிருந்து போய் இரண்டாவது சிங்கத்தடியிலும் நின்றாள். இரண்டும் ஒரே சிங்கம்தான் என்றேன். நாடக மண்டபத்துக்கு முன்னால் பீடத்தில் நிற்கிற இரண்டு நாடகாசிரியர்களின் தலையிலும் பனி தொப்பி போட்டிருந்தது. அவர்களுக்குக் கீழே எழுதியிருந்ததைக்கூட எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"என்ன, சோதனை எழுதப் போறீரோ?"

"கொஞ்சம் பொறுங்கோவன்."

நிற்கிற நேரமெல்லாம் கை கோட்டுக்குள் போனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டுக் குழாய் முடிகிற இடத்தில் கல்லின் நிறம் மாறும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி, அடுத்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி நடந்தேன். சரளைக்கல் போட்ட இடம், போடாத இடம், கூரையிலிருந்து பனி விழக்கூடிய இடம். என் பயம் முழுக்கக் காலடியில் இருந்தது. அவளுடைய பயம் வேறு இடத்தில் இருந்ததை நான் காணவில்லை.

நகரமண்டபத்தின் முற்றத்துக்கு வந்தோம். இரண்டு பக்கச் சுவரிலும் இந்த நாட்டுப் பழைய கடவுள்களின் கதைகளை மரத்தில் செதுக்கி, நிறம் பூசி வரிசையாக வைத்திருக்கிறார்கள். மேலே கூரை இருந்ததால் தரை காய்ந்திருந்தது. அங்கே எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மரத்தடியில் மூன்று பெண்கள் இருக்கிற பலகை வந்தது. கீழே இருந்த விளக்கத்தை வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டு விறுவிறென்று நடந்துவிட்டாள். நான் குனிந்து மீதியை வாசித்தேன். பிறக்கிற ஒவ்வொருவருடைய ஆயுளையும் தீர்மானிக்கிறவர்களாம் அந்த மூன்று பேரும். இந்த நகரத்தில் போட வேறு படம் கிடைக்கவில்லையா என்று அந்த மரவேலைக்காரன் மீது கோபம் வந்தது.

மண்டபத்தைச் சுற்றிக் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். காற்று முகத்தில் அறைந்தது. அங்கே வற்றிப்போன நீர்த்தொட்டிகளின் ஓரத்தில் தாயும் பிள்ளையுமாகச் சிலைகள் இருந்தன. ஒரு தாயின் மடியில் குழந்தை இருந்தது. அதன் தலையும் முதுகும் பனியில் மூடிப்போயிருந்தன. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பனியைத் தட்டினாள். இடுக்கில் உறைந்து கிடந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"கையை உள்ளுக்கு வையும்! விறைச்சுப் போகும்!"

நான் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் போன ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. குழந்தையின் முகம் முழுதாகத் தெரியும்வரை சுரண்டினாள். பிறகு சிவந்த கையை அப்படியே கோட்டுக்குள் விட்டு வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையுறையை நீட்டிக்கொண்டு நின்றேன். கப்பல் துறையிலிருந்து ஒரு படகு புறப்பட்டுப் போனது.

"எனக்குக் குளிரா ஏதும் குடிக்கோணும்" என்றாள்.

"இந்தக் குளிருக்கோ? தேத்தண்ணி குடிப்பம் வாரும்."

"இல்லை. குளிர்ந்த யூஸ். இனிப்பா."

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை இருந்தது. கண்ணாடிக் குளிர்ப்பெட்டியிலிருந்து தோடம்பழச்சாறு எடுத்தேன். கர்ப்பிணிக்குச் சளி பிடிக்கப் போகிறது, பிள்ளைக்கும் பிடிக்கும் என்று புறுபுறுத்துக்கொண்டுதான் காசைக் கொடுத்தேன். திரும்பியபோது, கடை ஓரத்து வாங்கில் அவள் இடது பக்கமாகச் சரிந்து படுத்த மாதிரி இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதல் பிள்ளையின்போது ஒரு நாள் பின்னேரம் அவள் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தாள். மறுமுனையில் கதைத்த பெண், குளிர்ந்த இனிப்பான ஏதாவது குடித்துவிட்டு இடது பக்கம் சரிந்து படுத்துப் பாருங்கள், பிள்ளை அசையும் என்று சொன்னாள். அன்றைக்கும் தோடம்பழச்சாறுதான் கொடுத்தேன். குடித்தாள், படுத்தாள். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் போத்தல் என் கையில் இருந்தது. மூடி திறக்க வரவில்லை. ஓட்டுகிற பஸ்ஸுக்கு முன்னால் ஒருவர் விழுந்தால் காலும் கையும் எனக்கு முன்னால் வேலை செய்யும். இப்போது ஒன்றும் வேலை செய்யவில்லை. மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து அவளுடைய வாயில் வைத்தேன். அவள் குடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுடைய கோட்டைப் பார்த்தோம். கடைக்காரப் பெண் கோப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் அசையவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் அவளைப் பிடித்து எழுப்பினேன்.

டாக்ஸி பிடித்தோம். அந்தத் தெருக்களையெல்லாம் நான் ஓட்டியிருக்கிறேன், எங்கே சிவப்பு விழும் என்று தெரியும். எல்லாவற்றிலும் சிவப்பு விழுந்தது. சாரதியை ஏசவேண்டும் போல இருந்தது. அவர் பிழை ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய கை என் கைக்குள் பனிக்கட்டியாக இருந்தது. கடவுளே, இவளையாவது எனக்கு விட்டுவிடு என்று கேட்டேன். கேட்ட உடனேயே பிள்ளையைக் கொடுத்துவிட்டேனோ என்று பட்டது. இல்லை, இரண்டு பேரும் வேண்டும் என்று மாற்றிக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களை நிறுத்தி வைக்கவில்லை. ஒரு மருத்துவச்சி அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் பசை பூசி, இதயத்துடிப்புக் கேட்கிற கருவியை வைத்தார். கரகரப்பு மட்டும் வந்தது. நகர்த்தினார். மறுபடி கரகரப்பு. போன முறையும் ஒரு மருத்துவச்சி இப்படித்தான் நகர்த்தி நகர்த்தித் தேடினார். பிறகு மருத்துவரைக் கூட்டிவருகிறேன் என்று எழுந்து போனார். இவரும் எழுந்துவிடப் போகிறார் என்று அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

மருத்துவச்சி எழும்பவில்லை. கருவியைக் கீழே கொண்டுபோய், ஒரு மூலையில் அழுத்தினார். சத்தம் வந்தது. வேகமான, நிற்காத சத்தம்.

"இது தாயுடையதா?" என்று கேட்டேன். நோர்வேஜிய மொழி எனக்கு ஒழுங்காக வாயில் வரவில்லை.

"தாயுடையது இவ்வளவு வேகமாக ஓடாது" என்றார் மருத்துவச்சி. "இது பிள்ளை. தூங்குகிறது போல." துடிப்பைப் பதிகிற பட்டியை எடுத்து வயிற்றில் கட்டினார். இன்றைக்கு வீட்டுக்கு விடமாட்டோம், நாளைக்கு வலி வர மருந்து போடுவோம் என்றார். ஏதோ எழுத மேசைப் பக்கம் போனார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? காலமை எழும்பேக்கையே தெரியுமெல்லே உமக்கு? புலியடியிலை தெரியும், சிங்கத்தடியிலை தெரியும், எல்லா இடமும் நிண்டு பாத்துக்கொண்டு வந்தனீர். சொல்லியிருந்தால் நேரை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை" என்றாள்.

"என்ன கதை இது?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "வந்தால் போனமுறை மாதிரிச் சொல்லிப்போடுவினம். அவை சொல்லுமட்டும் பிள்ளை இருக்குத்தானே எனக்கு. அதுதான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் எண்டு நடந்தனான்."

கட்டிலின் ஓரத்தில் போய் இருந்தேன். மருத்துவச்சி மேசையிலிருந்து வந்து, துடிப்புச் சத்தம் தொந்தரவாக இருந்தால் குறைத்துவிடட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் கூட்டிவிடச் சொன்னேன்.