சூசை அண்ணன் அடித்துத் திருத்திய பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி வரைக்கும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் நாங்கள் சூசை அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தோம். தாமதமாக வருகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்று அது அவர் தலையிலேயே விழப்போகிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்போது எங்கள் பறவை பார்க்கும் குழுத் தலைவர் கோபால்ராவ் சாரின் செல்போன் அடித்தது. பேசி முடித்தவர் பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "சூசை போயிட்டார் டீச்சர். விடிகாலையில நெஞ்சு வலியாம்," என்றார். மர்பி டவுனில் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தே போனோம்.

அவரை உங்களில் பலர் அஞ்சலகத்தில் கடிதம் வகைபிரிக்கிற சூசைநாதனாக அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது பறவை பார்க்கிறவரை. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் குழு ஏரிப் பறவைகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பட்டியல் அச்சிட முடிவு செய்தது. தமிழ்ப் பகுதி எங்கள் இருவர் பொறுப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் பல பறவைகளுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர். அவற்றை நான் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். அண்ணன் என் பேனாவைப் பிடுங்காத குறைதான்.

"எங்க நைனா தங்கவயல் சொரங்கத்துல முப்பது வருஷம் எறங்கின குழிக்கு ஒரு தொரை பேரு. அந்தத் தொரை ஒரு நாளும் எறங்கல. இந்தச் சின்னக் குருவி தலையிலயும் ஒரு தொரைய ஒக்கார வெக்கணுமா?" என்றார்.

கோபால்ராவ் சார் விடவில்லை. அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெயர்கள் மேல் தீராத பிரியம். முதலில் பார்த்து எழுதி வைத்தவனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா என்பது அவர் கட்சி. "அப்போ நீங்க இருக்கிற மர்பி டவுன்? அதுவும் ஒரு துரை பேருதானே? முதல்ல உங்க விலாசத்த மாத்துங்க," என்று மடக்கினார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் யோசிக்கவே இல்லை. "விலாசத்த மாத்தினா கடிதாசி வராது சார். குருவிக்கு யாரும் கடிதாசி போடறதில்ல," என்றார்.

பெயர் வைக்க அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். புத்தகத்தை மூடிவிட வேண்டும். நான்கு பேர் பல காலைகள் ஒரே பறவையைப் பார்த்து, முதலில் கண்ணில் பட்டதைத் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். சீட்டுகள் ஒத்துப்போனால்தான் பெயர். கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பூங்கொத்தி அப்போது கரையோரத்து சில்வர் ஓக் மரங்களில் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. ஒரு துரையின் பெயரைச் சுமந்த பறவைதான் அதுவும். நான்கு சீட்டிலும் 'மஞ்சள் நெற்றி' என்றே இருந்தது. அந்தப் பெயரோடு பட்டியல் அச்சானது. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வீடுகளுக்கும் அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறு வருடம் அதே மரங்கள் பூத்தபோது அண்ணன் என் கையைத் தட்டி மேலே காட்டினார். ஒரு மைனா. அதற்கும் மஞ்சள் நெற்றி. பக்கத்தில் ஒரு காக்கை, அதற்கும் அலகுக்கு மேலே மஞ்சள். அத்தனையும் பூவின் மகரந்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

யாருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். அவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "நாலு பேரு சேந்து பாத்தோம், நாலு பேரும் தப்பா பாத்தோம். முறை வெச்சது நான், தப்பு என்னுது," என்றார். கோபால்ராவ் சார் இதற்காகவே காத்திருந்தவர்போல, பழைய பெயரையே போட்டுவிடலாமே என்றார். "தப்பா பாத்தா திரும்பப் பாக்கணும் சார். தொரை கையில திருப்பிக் குடுக்கக் கூடாது," என்றார் அண்ணன். அந்த நிமிடம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு இருந்த பெருமை இன்றும் குறையவில்லை.

திரும்பப் பார்த்தோம். இந்த முறை பூ இல்லாத மாதங்களிலும் பார்த்தோம். வெளிர் அலகுப் பூங்கொத்தி என்று முடிவானது. அதன் பிறகு அண்ணன் ஒவ்வொரு விடுமுறையிலும் சைக்கிளில் கிளம்பி, பட்டியல் போன இடத்துக்கெல்லாம் போய், தன் கையால் அடித்துத் திருத்தினார். எந்தப் பிரதி எந்தக் கதவுக்குப் போனது என்பது அவருக்கு மனப்பாடம். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்காரர் பட்டியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடி மூன்று முறை போய், கடைசியில் துணி மூட்டைக்கு அடியிலிருந்து எடுக்கவைத்துத் திருத்திவிட்டு வந்தார்.

அடக்கம் முடிந்து மறு ஞாயிறு குழு கூடியது. பட்டியலை மறுபதிப்புச் செய்யும் பேச்சு வந்தது. நான்தான் எழுந்தேன். அந்தப் பறவைக்கு 'சூசை பூங்கொத்தி' என்று பெயர் வைக்க வேண்டும், இந்த ஊரில் அதற்காக அவரைவிட அலைந்தவர் யார் என்று கேட்டேன். பலர் தலையாட்டினார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

கோபால்ராவ் சார் என் அருகில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. தன் கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "பேட, டீச்சர், வேணாம். இதுவும் மகரந்தம்தான். நம்ம பிரியம் அது நெத்தியில ஒட்டிக்கிச்சு. சூசை இருந்தா சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து அடிச்சிருப்பார்."

அண்ணா, உங்கள் கட்சிக்கு வந்து சேர்ந்த ஆள் யார் என்று பார்த்தீர்களா?

என் வீட்டுப் பிரதி மேசைமேல் இருக்கிறது. 'மஞ்சள் நெற்றி' மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் அஞ்சலகத்துக் கையெழுத்தில் 'வெளிர் அலகு'. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டது அதைத்தான். மறுபதிப்பிலும் அதே பெயர் போகிறது. சூசைநாதன் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. நாங்கள் போடவில்லை.