லீவில் இருந்த கை

தாத்தாவுக்கு இரண்டு கைகளும் இருந்தன. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். தெருவில் பாதிப் பேர் அவரை ஒற்றைக்கைத் தாத்தா என்றே கூப்பிட்டதால், பிறவியிலேயே ஊனம் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. உலவட்டும். அது பொய்.

ரேடியோவோ டிவியோ, பின்மூடியைக் கழற்றி கரண்டைப் போட்டுவிட்டால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். வலது கை மட்டும்தான் பெட்டிக்குள் நுழையும். காலுக்கடியில் காய்ந்த மரப்பலகை. ஒரு கையால் தொட்டால் கரண்ட் உதறிவிட்டுப் போகும். இரண்டு கையாலும் தொட்டால் ஒன்றில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மற்றதில் இறங்கும். ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். நாற்பது வருடம் இப்படித்தான் வேலை பார்த்தார். பேத்தி ஒரு நாள் பின்னால் வந்து நின்று, அந்தக் கை ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டதற்கு, "அது லீவுல இருக்கு" என்றார்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மழைத்துளி பட்டதும் கத்துகிற கொடிக்கம்பி செய்தார். பால் பொங்கினால் மணியடிக்கிற மூடியும் செய்தார். பால் அடுப்பை அணைத்த பிறகுதான் அது அடித்தது. அதனாலென்ன, அடித்ததா இல்லையா என்பார்.

அவருடைய ஒரே மகள் ஒரு மத்தியான வேளையில், ஒடிந்த மணிக்கட்டோடும் நாலு வயதுப் பெண்ணோடும் வாசலில் வந்து நின்றாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். ஏற்கெனவே குக்கர் மூடியால் அடித்து முன்பல் இரண்டை எடுத்திருந்தான். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவளுக்குப் பல் போன பிறகுதான் சொல் வந்தது. இனி போகமாட்டேன் என்றாள். உயிரோடு வராவிட்டால் பிணமாகத் தூக்கிக்கொண்டு போவேன் என்று அவன் ஆள் விட்டுச் சொன்னான்.

தாத்தா மகளிடம் கேட்டது ஒன்றுதான். அவன் எடை எவ்வளவு இருக்கும்?

தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது என்றாள். மறுநாளே வாசல்படியில் ஒரு பலகை வந்துவிட்டது. அடியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு நடுவில் இரண்டு செப்புத் தகடுகள். பேத்தி குதித்தாலும், பால்காரர் நின்றாலும் தகடு ஒட்டாது. ஒன்றே முக்கால் மூட்டை சிமெண்டை ஏற்றி வைத்துப் பார்த்தார். உள்ளே பழைய டெலிபோன் மணி அலறியது. மணி அடித்தால் கதவைத் திறக்காதே, முதலில் ஜன்னல் வழியாகப் பார் என்று மகளுக்குச் சொல்லிவைத்தார்.

முதல் மணி அரை மணி நேரத்தில் அடித்தது. மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, கையில் கத்திரிக்கோலோடு நின்றாள். விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டி, இது உன் புருஷனுக்குப் போட்ட மணியா, எனக்குப் போட்ட மணியா?"

அவள் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வருகிறவள். எட்டுத் தடவையும் மணி அடித்தது. ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். இறுக்கினால் அவனும் சத்தமில்லாமல் ஏறிவிடுவான் என்று தாத்தா மறுத்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் மொதல் தடவைன்னு நெனச்சுப் பாரும்மா." இருபது நாள் அப்படித்தான் பார்த்தாள்.

இருபத்தோராம் நாள் காலை. பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். தாத்தா வாசலை ஒட்டிய வேலையறையில் ஒரு பெரிய டிவியைத் திறந்துபோட்டு, ஓடவிட்டு, பலகைமேல் நின்றபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வாளித் தண்ணீரோடு அதே அறையின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. "வரேன்க்கா" என்று ஈரக் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்துவிட்டு, வந்தது யார் என்றுகூடப் பார்க்காமல் துணியைப் பிழியத் திரும்பினாள்.

பின்னந்தலை மயிரைப் பிடித்து ஒரு கை சுண்டி இழுத்தது.

அடுத்த இழுப்பில் அவள் முகம் வாளியில் மோதியது. வாளி உருண்டது, மூக்கு உடைந்தது, தரையெல்லாம் தண்ணீரும் ரத்தமும். அவன் கையில் சக்கரம் கழற்றுகிற இரும்புத் தடி. தாத்தா குறுக்கே பாய்ந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த இடது கையைத்தான் தடுப்பாக நீட்டினார். தடி அதன்மேல் இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது அடி விலாவில். கிழவர் மேஜைக்கடியில் சுருண்டார். அலமாரியில் இருந்த ரேடியோக்களை அவன் வரிசையாக அடித்து நொறுக்கினான். கண்ணாடியும் பித்தளையும் பறந்தன. மகள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் சதை வந்தது. அலறிக்கொண்டே அவளைச் சுவரில் எறிந்தான், செருப்பு கழன்ற காலால் வயிற்றில் உதைத்தான், பிறகு தடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினான். அது எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கவும் தெம்பில்லை.

அவன் தோளுக்குப் பின்னால் அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்தாள். பலகைமேல் ஏறினார். வலது கையை ஓடிக்கொண்டிருந்த டிவிக்குள் விட்டார். ஒடிந்த இடது கையைத் தூக்கி மருமகனின் பிடரியில் வைத்தார்.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற அந்த உடம்பு வில்லாக வளைந்தது. தொண்டையிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். தாத்தாவின் பற்கள் கிட்டிக்கொண்டன. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கியெறியப்பட்டார்கள். அவன் முகங்குப்புறக் கண்ணாடிச் சில்லுகளில் விழுந்தான். ஒரு காது பாதிதான் மிஞ்சியது. எழப் பார்த்தவனின் முதுகில், சத்தம் கேட்டு ஓடிவந்த தையல்காரம்மா உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் வரும்வரை எழவில்லை. வந்தவர்களிடம், தொண்ணூறு கிலோ எதற்காவது உதவும் என்று தன் அம்மா அப்போதே சொன்னதாகச் சொன்னாள்.

தாத்தா பிழைத்துக்கொண்டார். மூன்று விலா எலும்புகள் கூடின. இடது கை கூடவில்லை. விரல்கள் உள்ளுக்குள் சுருண்டு, மரக்கட்டைபோலத் தொங்கியது. பேத்தி கேட்டபோது, லீவு நீண்டுவிட்டது என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் மணி அடித்தது. தையல்காரம்மா அப்போது அவர்கள் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் ஜன்னலில் பார்த்தாள். அரைக் காது. ஜெயில் அவனை இளைக்க வைக்கவில்லை. அவள் கை தானாக வாய்க்குப் போனது, பல் இல்லாத இடத்துக்கு.

"கதவத் தெறம்மா" என்றார் தாத்தா. "இந்தத் தடவ பாத்துத் தெற."

மாட்டேன் என்றாள். அவர் அவளையே பார்த்தார். திறந்தாள்.

திறந்த கதவு வழியாக அவனுக்கு மேஜை தெரிந்தது. பின்மூடி கழற்றிய டிவி தெரிந்தது. தாத்தா மெதுவாகப் பலகைமேல் ஏறினார். வலது கையால் இடது கையைத் தூக்கி, டிவியின்மேல் வைத்தார், குழந்தையை உட்கார வைப்பதுபோல. பிறகு வலது கையையும் பக்கத்தில் வைத்தார்.

"உள்ள வாங்க மாப்பிள்ள. ரெண்டு கையும் சும்மாதான் இருக்கு."

அவன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிடரியைத் தடவினான். ஒரு கால் பின்னால் போனது, மற்றதும் போனது. மணி நின்றது. தெருமுனை திரும்பும்வரை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தாள். டிவியின் வயர் மேஜைக்கடியில் சுருண்டு கிடந்தது. பிளக் சுவரில் இல்லை.

"அப்பா, இதுல கரண்டே இல்லையே."

"அது அவனுக்கெப்படித் தெரியும்?" என்றார் தாத்தா. "இந்தக் கைய எறக்கி விடும்மா. கனக்குது."