கரையில் தோண்டிய ஊற்று

முகாமுக்குப் போன பேத்தி, குற்றாலத்து ஆற்றில் கால்களைத் தொங்கவிட்டபடி படம் அனுப்பியிருந்தாள்.

1950-களில், நான் சிறுமியாக இருந்தபோது, திருப்பாலைக்குடியிலிருந்து நாங்களும் அங்கே போய், மரத்தடியில் தார்ப்பாய் கட்டித் தங்கினோம். போனதும் எனக்குத் தாகம். அம்மா எங்கள் ஊர்க் கடற்கரையில் நல்ல தண்ணீருக்காகச் செய்வதுபோலவே ஆற்றங்கரை மணலில் ஊற்றுத் தோண்ட உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு ஓடுறப்ப இங்கன எதுக்குத் தோண்டுற?" என்றார் அய்யா.

"கண்ணுக்குத் தெரியிற தண்ணிய நாம என்னைக்குக் குடிச்சோம்?"

அய்யா ஆற்றில் ஒரு சிரட்டை மொண்டு நீட்டினார். உப்புக்குத் தயாராக முகத்தைச் சுளித்துக்கொண்டே அம்மா குடித்தாள். சுளிப்பு மறைந்தது.

"அம்புட்டும் நல்ல தண்ணியா?" என்று ஆற்றையே பார்த்தாள்.

குளிக்கத்தானே வந்தோம் என்று நான் இறங்கப் போனேன். கையைப் பிடித்து இழுத்தாள்.

"குடிக்கிற தண்ணிடி! காலை வைக்காத!"

படத்தில் பேத்தியின் கால்கள் முழங்கால்வரை நல்ல தண்ணீருக்குள் இருக்கின்றன.